சேற்றுக்குச் செய்த அச்சு

அந்த அச்சு முதலில் ஒரு லாரியினுடையது. பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்புறம், கரிக் கிடங்கை ஒட்டிய முள்வேலிக்குள், என்ஜினையும் சக்கரங்களையும் பறிகொடுத்துவிட்டு வெறும் சட்டமாகக் கிடந்தது அந்தச் சின்ன லாரி. அதன் அடியில் ஒரு பெட்டைக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியைக் கிளப்பிவிட்டுத்தான் நாங்கள் அச்சைக் கழற்றினோம். சகுனம் சரியில்லை என்று அண்ணி பிறகு சொன்னாள். அண்ணி சகுனம் பார்க்கிறவள் அல்ல. மற்ற எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் அதைச் சொன்னாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். என் அண்ணன் ஓட்டியது ஒரு பழைய டூரிங் கார். யாரோ எஸ்டேட் துரையிடமிருந்து கைமாறிக் கைமாறிக் கரிக் காண்ட்ராக்டரிடம் வந்து சேர்ந்திருந்தது. பின் ஆசனத்தைப் பிடுங்கிவிட்டுப் பலகை அடித்திருந்தார்கள். சித்தேரி மலைச்சரிவில் இருந்த சூளைகளிலிருந்து கரிமூட்டை ஏற்றி, காட்டு இலாகா வெட்டிய பாதை வழியாக இறங்கி, ஸ்டேஷனில் கொண்டுவந்து போட வேண்டும். பெட்ரோலுக்குக் கூப்பன் வேண்டும். கரி யுத்தத்துக்கு வேண்டிய சரக்கு என்பதால் எங்கள் வண்டிக்குக் கூப்பன் வந்தது. வண்டி ஓடுகிற வரையில் கூப்பன். கூப்பன் வருகிற வரையில் டிரைவர்.

ஆவணியில் ஒருநாள் ஓடையைத் தாண்டும்போது பாறையில் மோதிப் பின்பக்க அச்சுக்கூடு விரிசல் விட்டது. காண்ட்ராக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"எப்ப எழுந்திருக்கும்?"

"கூடே வெடிச்சிருச்சுங்க மொதலாளி. புதுசு மெட்ராஸ்லயே இல்லீங்களாம். யுத்தம் முடிஞ்சாத்தான்னு சொல்றாங்க."

"அப்ப ஒனக்கு இங்க என்னாடா வேல? பட்டாளத்துல டிரைவருக்குக் கிராக்கின்னு சந்தைக்குச் சந்தை தமுக்கடிக்கிறான். போயிக் கைநாட்டு வெய்யி. சோறு, சட்ட, பூட்சு அல்லாம் சர்க்காருது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொந்தப் பிள்ளைக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னார்.

எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவனைப் பர்மாவில் காணவில்லை என்று தகவல் வந்திருந்தது. செத்துப்போனான் என்று வரவில்லை. காணவில்லை என்றுதான் வந்தது. அவன் பெண்டாட்டி தாலியைக் கழற்றுவதா, பொட்டு வைத்துக்கொள்வதா என்று தெரியாமல், கிணற்றடியில் மற்றப் பெண்களுக்கு ஒதுங்கி நின்று, கடைசியில் தண்ணீர் இறைத்துக்கொண்டு போவாள். சுமங்கலிகள் வரிசையிலும் அவளைச் சேர்க்கவில்லை, மற்ற வரிசையிலும் தள்ளவில்லை. அண்ணி அவளைத் தினமும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவாள். காண்ட்ராக்டர் சொன்னதை அண்ணன் வந்து சொன்ன அன்று, அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"நீங்க சந்தப் பக்கம் போனீங்கன்னா, நானும் அந்தக் கெணத்தடியில ஒதுங்கி நிக்க வேண்டியதுதான். அவளுக்கும் ஒரு தொணையாச்சு."

கைக்குழந்தை அண்ணன் மடியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. வண்டியை எழுப்புவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். அவர் போன பிறகு அண்ணன் அதே வண்டியை ஓட்டினான். பிறகு மோட்டார் பழகினான். என் பள்ளிக்கூடச் சம்பளத்தை, புத்தகத்தை, அரூரில் படிக்கும்போது நான் சாப்பிட்ட ஓட்டல் சாப்பாட்டை எல்லாம் அவன் வண்டிதான் கட்டியது. ஆகவே அந்த வண்டிக்கு நான் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு மோட்டாரும் தெரியும் என்று அண்ணன் உண்மையாகவே நம்பினான்.

கையில் வேலை தெரிந்தவன் ஃபிட்டர். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரன், அண்ணன் வயசு. பெங்களூரில் ஏதோ பட்டறையில் சண்டை போட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவன். கிடங்குக் கொட்டகையிலேயே படுக்கை. வாயில் எந்நேரமும் வெற்றிலை. லாரி அச்சை இழுத்து வெளியே போட்டதும் அவன் சொன்னான்:

"இது அண்ணன்காரன் சட்டை. தம்பிக்கு மாட்டினா ரெண்டு கையும் தொங்கும். வெட்டித் தைக்கணும்."

"வெட்டாமப் போட்டா?" என்றேன்.

"படிச்சவரே, முன்சக்கரம் ஒரு தடத்துல, பின்சக்கரம் ஒரு தடத்துல போனா, வண்டி நண்டு மாதிரி நடக்கும். நீங்க ஏறி உக்காருவீங்களா?"

அவன் சொன்னது சரிதான். மலைப்பாதையில் மாட்டுவண்டித் தடம் முழங்கால் ஆழத்துக்கு விழுந்திருந்தது. எங்கள் காரின் முன்சக்கரங்கள் அந்தத் தடத்தில் பொருந்தி நிற்கும். பின்சக்கரங்களும் அதே தடத்தில் விழுந்தால்தான் ஏறும். ஒரு கயிற்றை முன்சக்கரங்களுக்குக் குறுக்கே பிடித்து முடிச்சுப் போட்டான் ஃபிட்டர். அதே கயிற்றைக் கொண்டுபோய் ஒரு வண்டித் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தான். சிரித்தான். லாரி அச்சின் இரண்டு பக்கத்திலும் ஒரு சாண் போக வேண்டும்.

கூட்டை ரம்பத்தால் அறுத்தோம். ரம்பத் தகடு கிடைப்பதே அரிது. அண்ணனும் ஃபிட்டரும் நானும் மாறிமாறி அறுத்தோம். அறுத்தெடுத்த இரண்டு குழாய்த் துண்டுகளில் ஒன்றை அண்ணி குழவிக்குப் பதிலாக உப்பு இடிக்க வைத்துக்கொண்டாள். வெட்டிய இடத்தில் உள்ளே ஒரு குழாயைச் செருகி, சேலத்துக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைத்தோம். அது எளிது. சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஷாஃப்டுதான் கடினம். கூடு குட்டையானால் அதற்குள் ஓடுகிற ஷாஃப்டும் குட்டையாக வேண்டும். சக்கரம் உட்காரும் நுனியை வெட்டிவிட்டு, மிச்சமிருப்பதில் புதிய நுனியைக் கூம்பாகக் கடைந்து, சக்கரத்தை அதோடு பூட்டுகிற சாவி என்ற இரும்புத் துண்டு உட்காரப் பள்ளமாகக் காடி வெட்ட வேண்டும்.

ஷாஃப்டு இரண்டையும் சாக்கில் சுற்றி ரயிலில் நான்தான் சேலத்துக்குக் கொண்டுபோனேன். லேத்துக்காரர் வாலிபர், மூக்குக்கண்ணாடி போட்டவர். கடைந்து முடித்துக் கையில் கொடுத்தபோது நகத்தால் தட்டிக்காட்டினார்.

"தம்பி, இதுக்குத் தோல் கெட்டி. உள்ள அந்தக் கெட்டி கெடையாது. கடையறதுக்காக நான் தோல உரிச்சுட்டேன். நேரா ஓட்டினீங்கன்னா தாங்கும். முறுக்க வெச்சீங்கன்னா தாங்குமான்னு சொல்ல முடியாதுங்க."

திரும்பி வந்து அப்படியே சொன்னேன். ஃபிட்டர் தலையாட்டினான். அண்ணன் சிரித்தான்.

"கரிதானடா ஏத்தறோம், கருங்கல்லா ஏத்தறோம்?"

வண்டி எழுந்தது. முதல் நடை போய் வந்த அன்று காண்ட்ராக்டர் மேலே ஏறி உட்கார்ந்து ஸ்டேஷன் வரை வந்தார். "அடங்கொப்புரான, லாரிக்குப் பொறந்த காரு" என்றார். அண்ணி தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டாள். யுத்தம் முடிந்து வீட்டு ஆள் வீட்டிலேயே இருந்தால், எல்லோரும் மலையேறித் தீர்த்தத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவதாக.

ஐப்பசியில் மழை பிடித்தது. அங்கேதான் அடுத்த சங்கடம். செம்மண் சேற்றில் ஒரு சக்கரம் வழுக்கி வீணாகச் சுற்றும். மற்றச் சக்கரம் கெட்டித் தரையில் இருந்தும் அசையாமல் நிற்கும். அண்ணன் இறங்கி அந்த நின்ற சக்கரத்தை உதைப்பான்.

"இது என்னா ஞாயம்? ஒரு மாடு சேத்துல விழுந்தா இன்னொரு மாடு இழுக்காதா? இது படுத்துக்குதே, சோம்பேறி மாடு."

ஃபிட்டர் தரையில் குச்சியால் கோடு கிழித்துச் சொன்னான். அச்சின் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டம் வளைவுக்காக வைத்தது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்காக ஒன்றுக்கு ஒன்று விட்டுக்கொடுக்கும். அந்த விட்டுக்கொடுக்கிற குணம்தான் சேற்றில் கெடுதலாகிறது.

"வளைவுல உள்மாடு நின்னு கொடுக்குதில்ல? அதேதான்."

"நின்னு கொடுக்கிறது வேற, படுத்துக்கிறது வேற" என்றான் அண்ணன்.

அந்தச் சமயத்தில்தான் பழைய தாள்களோடு எடைக்கு வந்த ஓர் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகை என் கையில் கிடைத்தது. அட்டை இல்லை. அதில் ஓரிடத்தில், சீமையில் பந்தயக் கார்களுக்கு ஒரு புதுவித டிஃபரன்ஷியல் வைக்கிறார்கள் என்று இருந்தது. ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றதை அடியோடு கைவிடாதாம். வளைவில் மட்டும் அளவோடு நழுவ விடுமாம். உள்ளே உரசலால் பிடிக்கிறது என்று ஒரு வரி இருந்தது. எப்படி என்று இல்லை. படமும் இல்லை. அந்தப் பத்தியை அகராதி வைத்துக்கொண்டு படித்து, கொட்டகையில் இருவருக்கும் தமிழில் சொன்னேன்.

ஃபிட்டர் வெற்றிலையைத் துப்பினான். பிறகு, "பித்தளை வேணும்" என்றான்.

"எதுக்கு?"

"உள்ள இருக்கிற சின்ன சக்கரத்துக்கு முதுகுல வளையமா வெட்டி இறுக்கிச் செருகுவேன். உரசும். உரசினா பிடிக்கும். இரும்புக்கு இரும்பு போட்டா தின்னுடும். பித்தளைன்னா மெதுவாத் தின்னும்."

யுத்த காலத்தில் பித்தளைக்கு எங்கே போவது? அண்ணன் வீட்டில் வந்து சும்மா புலம்பத்தான் புலம்பினான். அண்ணி உள்ளே போய்த் தன் கல்யாணத் தாம்பாளத்தை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். அவள் அப்பா வீட்டிலிருந்து வந்த பாத்திரங்களில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"அடிப் பைத்தியமே, இத போயி..."

"தாம்பாளம் போனாப் போவுது. எனக்கு வண்டி ஓடணும்."

கொட்டகையில் ஃபிட்டர் அதைக் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினான். நடுவில் அண்ணியின் பெயரின் முதல் எழுத்து பொறித்திருந்தது. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு வளையங்களை வெட்டினான். மூட்டிப் பூட்டித் தூக்கி நிறுத்திய பிறகு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னான். சுற்றினேன். மற்றச் சக்கரம் கொஞ்சம் யோசித்து, பிறகு கூடவே சுற்றியது.

"அரமனசா சுத்துதே" என்றான் அண்ணன்.

"அரை மனசுதான் வேணும் தொரையே. முழு மனசு பேடா. முழு மனசு வெச்சவன் எல்லாம் கெட்டுப்போனான், என்னையே பாருங்க."

ஏறத்தாழ ஒரு மாதம் வண்டி மலைமேல் ஆடு மாதிரி ஏறியது. மாட்டுவண்டிகள் நின்றுபோன இடத்தில் எங்கள் வண்டி போயிற்று. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு நிமிர்கிறது. சீமைப் பந்தயக் காருக்குச் செய்கிற காரியத்தை, நான் படித்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, ஒரு தாம்பாளத்தால் செய்துவிட்டோம்.

கார்த்திகையில் மறுபடியும் ஒரு சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கியது. பிரித்தோம். அடியில் வைத்த சட்டியில் கியர் ஆயில் வடிந்தது. கறுப்பு எண்ணெய் முழுவதும் தங்கப்பொடி கலந்ததுபோல மின்னியது. வளையங்கள் காகிதமாகத் தேய்ந்துபோயிருந்தன. சோறு கொண்டுவந்த அண்ணி சட்டியில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள்.

"இதுவா?" என்றாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தச் சேலையில் அந்த மினுமினுப்பு எத்தனையோ தரம் துவைத்தும் போகவில்லை.

வேறு பித்தளை இல்லை. மழை விடவில்லை. அண்ணன் சொன்னான்: "அரமனசெல்லாம் வேணாம். ரெண்டையும் ஒரே நுகத்துல கட்டிப் போடு. சேந்து சுத்தட்டும்."

"கட்டலாம். நடுவுல இரும்புக் கட்டை அடிச்சுச் செருகினா கட்டிக்கும். ஆனா வளைவுல ரெண்டும் ஒரே மாதிரி சுத்தும். எது விட்டுக்கொடுக்கும்? டயர் வழுக்கணும், இல்லேன்னா ஷாஃப்டு முறுக்கிக்கும்."

"சேத்துல டயரு வழுக்காம வேற என்னா பண்ணும்?"

ஃபிட்டர் யோசித்தான். சேற்றில் வழுக்கும், அதை மறுக்க முடியாது. "மழைக்கு மட்டும்" என்றான். "தை பொறந்தா கட்டையை எடுத்துடணும். காய்ஞ்ச தரையில இது ஆகல்ல." ஆகாது என்பதைக் கன்னடத்தில் சொன்னால்தான் அவனுக்கு அழுத்தமாக இருக்கும். மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். கொல்லன் பட்டறையில் அடித்த கட்டை உள்ளே போயிற்று.

அந்த மழைக்கு அது கைகொடுத்தது. யாரும் வண்டியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. தை பிறந்தது.

கட்டையை எடுப்பதென்றால் அச்சையே இறக்க வேண்டும். வண்டி சில நாள் நிற்க வேண்டும். காண்ட்ராக்டரிடம் கேட்டான் அண்ணன்.

"நல்லா ஓடற வண்டிய எதுக்குடா பிரிக்கற?"

"காய்ஞ்ச ரோட்டுல கஷ்டங்க மொதலாளி."

"நிறுத்து, வேணாங்கல. நிறுத்தினன்னு தெரிஞ்சா கூப்பன் வேற வண்டிக்குப் போயிரும். தாலூகா ஆபீசுல நாலு பேரு காத்துக்கிட்டு நிக்கறான். அப்புறம் என்னக் கேக்காத."

சந்தையில் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் தமுக்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வீட்டில் அதைச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான். தை போகட்டும் என்றான். தை போயிற்று. மாசி போகட்டும் என்றான். நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

தரை காய்ந்ததும் வளைவுகளில் டயர் கத்தத் தொடங்கியது. ஆட்டை அறுக்கிற மாதிரிச் சத்தம். புது டயருக்கு வழியே இல்லாத காலம். அண்ணன் ஒரு உபாயம் கண்டுபிடித்தான். மலைப்பாதையில் கொடிய வளைவுகள் இரண்டு. சூளைக்கு மரம் வெட்டுகிற மலைக்காரர்களிடம் சொல்லி, ஓடையிலிருந்து கூடையில் மணல் கொண்டுவந்து அந்த இரண்டு வளைவிலும் பரப்பச் சொன்னான். மணல்மேல் டயர் நழுவிக்கொடுக்கும். சத்தம் இல்லை, முறுக்கல் இல்லை. சாமை விளைகிற பூமியில் மழையில்லாத நாளில் அவர்களுக்கும் வேறு வேலை இல்லை. கூடை சுமந்த பெண்கள் கேலி செய்தார்கள்.

"என்னா மாமா, உன்ற வண்டிக்கு மெத்த போட்டாத்தான் திரும்புமா? மாமியா வூட்டுக்கு வந்த புது மாப்புளயே தோத்தான் போ!"

"மெத்தய நல்லா ஒதறிப் போடு புள்ள, கல்லு குத்துது" என்பான் அண்ணன்.

நானும் அதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது, "சேத்துக்குன்னு அச்ச செஞ்சோம். இப்ப அந்த அச்சுக்காக ரோட்டையே சேறாக்கறோம் அண்ணா" என்றேன்.

"மாட்டுக்கு லாடம் அடிக்கிறதில்லையா, அந்த மாதிரி" என்றான். கொஞ்ச தூரம் போய், "சித்திர முடியட்டும். பிரிச்சுருவோம். சத்தியமா" என்றான்.

சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்தது. இடியும் காற்றுமாக ஒரே மழை, விடிந்ததும் வெறித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த முதல் மழை பெய்தால் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். மலைமேலும் அப்படியே. மரம் வெட்டுகிறவர், மணல் சுமக்கிறவர், எல்லோரும் ஏரைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்கள். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். வளைவுகளில் பரப்பிய மணலை மழைத்தண்ணீர் அரித்து ஓடையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. அடியில் பாறை தெரிந்தது. மத்தியான வெயிலில் அந்தப் பாறை எலும்பாகக் காய்ந்து கிடந்தது. மறுபடி மணல் போட ஆள் இல்லை. மூட்டை ஏற்றியாயிற்று. அண்ணன் இறங்கினான்.

வண்டியில் கூட வந்த மலைக்காரர் ஒருவர்தான் நடந்ததை எங்களுக்குச் சொன்னார். மேல் வளைவில் டயர் கத்திக்கொண்டு திரும்பிவிட்டது. கீழ் வளைவில் கத்தவில்லை. "வெறகு முறியற மாதிரி ஒரு சத்தங்க. அப்புறம் பாத்தா ஒரு சக்கரம் எங்களுக்கு முன்னால தனியா உருண்டு போவுது." அந்தக் காலத்து வண்டிக்கு முன்சக்கரத்தில் பிரேக் கிடையாது. பிரேக் எல்லாம் பின்னால்தான். ஒரு பக்கம் சக்கரத்தோடு போய்விட்டது. வண்டி பாறையில் ஏறிப் பக்கவாட்டில் சாய்ந்தது. மலைக்காரர் குதித்துவிட்டார். அண்ணன் ஸ்டீரிங்கை விடவில்லை. பலகையும் மூட்டைகளும் அவன் இடது காலின் மேல் விழுந்தன.

கட்டிலில் படுக்கவைத்து, நான்கு பேர் தோளில் அடிவாரம் வரை கொண்டுவந்தார்கள். நான் மாட்டுவண்டி பிடித்துக்கொண்டு எதிரே போனேன். கரித்தூள் அப்பி முகம் முழுவதும் கறுப்பு. கண்ணும் பல்லும்தான் வெள்ளை. நான் அழுதுகொண்டு குனிந்தபோது, அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்:

"ஷாஃப்டு தானடா?"

"தெரியலண்ணா. நான் இன்னும் பாக்கல."

"ஷாஃப்டுதான். எனக்குக் கேட்டுது."

ரயிலேற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்று டாக்டர் எனக்கு இங்கிலீஷில் சொன்னார். அண்ணிக்கு நான் தமிழில் சொன்னேன். நான் படித்த படிப்பில் அதைவிடக் கஷ்டமான மொழிபெயர்ப்பு எனக்கு வாய்த்ததில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உசுரு?" என்றாள். "இருக்கு அண்ணி" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஃபிட்டரும் நானும் பிறகு மலைக்குப் போனோம். வண்டி சாய்ந்தபடியே கிடந்தது. ஷாஃப்டு முறிந்த இடத்தை அவன் துணியால் துடைத்து என்னிடம் காட்டினான். லேத்தில் கடைந்த அதே இடம், சாவிக் காடியின் ஓரம். முறிவின் முகத்தில் பாதிக்குமேல் மங்கிக் கறுத்துப்போயிருந்தது. மிச்சம்தான் பளபளவென்று புதிதாக இருந்தது. அதாவது, அது அன்றைக்கு முறியவில்லை. வளைவுக்கு வளைவு, தையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முறிந்துகொண்டே வந்திருந்தது. நாங்கள் மணல்மேல் சத்தமில்லாமல் திரும்பிய நாட்களிலும்கூட.

ஃபிட்டர் உளியும் சுத்தியலும் எடுத்து, அச்சைப் பிரித்து, அந்த இரும்புக் கட்டையை அங்கேயே அடித்து வெளியே எடுத்தான். இனி ஓடப் போகாத வண்டி அது. இருந்தும் வெயிலில் உட்கார்ந்து அதை எடுத்து முடித்தான். எடுத்ததைப் பள்ளத்தில் வீசினான். கொஞ்ச நாளில் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்; என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கூப்பன் வேறு வண்டிக்குப் போயிற்று. காண்ட்ராக்டர் ஒருதரம் வந்து பார்த்து, ஒரு மூட்டைக் கேழ்வரகு இறக்கிவிட்டுப் போனார். மூட்டை தீர்ந்தது. நான் போட்ட மனுக்கள் எதற்கும் பதில் வரவில்லை. சந்தையில் தமுக்கு மட்டும் ஓயவில்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்து, மோட்டார் வேலையும் கொஞ்சம் தெரிந்தவன் என்றால் பட்டாளத்தில் உடனே எடுத்துக்கொண்டார்கள். நான் பெயர் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது அண்ணன் கயிற்றுக் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான். அண்ணி வாய் திறக்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அடுப்பில் என்ன வைப்பது என்றும் அவளே சொல்ல வேண்டியிருக்கும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வடகிழக்கே, மழை நிற்காத ஒரு மலைநாட்டில் பட்டறையில் போட்டார்கள். ஒருநாள் அமெரிக்க லாரி ஒன்றின் அச்சைப் பிரித்தார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் படுத்திருந்த எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. பல் வைத்த எஃகுத் தட்டுகள், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங். நேரே போகும்போது இரண்டு சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். வளைவில் தானாக ஒன்றை விட்டுவிடும். பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்காரர், என்ன அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

லீவில் வந்தேன். அது முடிவதற்கு முந்தின நாள் அண்ணன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அந்த அமெரிக்க அச்சின் கதையைச் சொல்வதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன். அவன்தான் கேட்டான்.

"அங்க சேறு உண்டாடா?"

"சேத்தத் தவிர வேற இல்லண்ணா."

"அப்பறம் வண்டிங்க எப்டி ஏறுது?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. சொன்னேன். அவன் கயிற்றை வைத்துவிட்டு முன்னால் குனிந்தான். தட்டா, பல்லா, எத்தனை தட்டு, ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தரையில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டான்.

"வளைவுல?"

"தானா விட்டுக்கொடுக்குது."

"பித்தளையா?"

"எஃகுண்ணா."

வெகுநேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெளிந்துவிட்டது; விபத்துக்குப் பிறகு அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"அப்ப, நாம நெனச்சது தப்பில்ல" என்றான்.

உள்ளே சாமை புடைக்கிற சத்தம் நின்றது.

"தப்பில்லையாம்" என்றாள் அண்ணி, யாரைப் பார்த்தும் அல்லாமல். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"லீவு எப்ப தம்பி முடியுது?"

"நாளைக்கு அண்ணி."

தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனாள். நான் எழுந்து நின்று பார்த்தேன். காணாமற்போனவனின் பெண்டாட்டி இன்னமும் அங்கே ஒதுங்கித்தான் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி வரிசைக்குப் போகவில்லை. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.